சீனியை மாற்றினால் டீ என்ன ஆகும்?

மதுரையைத் தாண்டித் தெற்கே போகிற நாற்கரச் சாலையில் ‘கருப்பட்டி காபி’, ‘நாட்டுச் சர்க்கரை டீ’ என்று வரிசையாகப் பலகைகள் தொங்குகின்றன. வண்டியை நிறுத்திக் குடிப்பவர்களுக்கு ருசி பிடித்துப்போகிறது. வீடு திரும்பியதும் அரைக் கிலோ வெல்லம் வாங்கி, வழக்கமாக டீ போடும் பாத்திரத்தில், சீனி போடும் நேரத்தில் அதைத் தட்டிப் போடுகிறார்கள். இரண்டு கொதி வருவதற்குள் பால் திரிந்துவிடுகிறது. வடிகட்டியில் வெள்ளைத் திப்பி தங்க, டம்ளரில் பழுப்புத் தண்ணீர் இறங்குகிறது. பழைய பாலைக் கொடுத்துவிட்டதாகப் பால்காரருக்குத் திட்டு விழுகிறது. மறுநாள் பழையபடி சீனி டப்பாவே வெளியே வருகிறது.

பால்காரர் மேல் பெரும்பாலும் தப்பில்லை. தப்பு வரிசையில் இருக்கிறது. சீனியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்தால் டீயின் இனிப்பு மட்டும் மாறுவதில்லை. அதன் நிறம், மணம், பாலோடு அதற்குள்ள உறவு எல்லாமே மாறுகின்றன. எது எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் கருப்பட்டியோ தேனோ சீனித்துளசியோ, எதை வேண்டுமானாலும் தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம். உடம்புக்கு நல்லது என்பதற்காக மாற்றுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் சீனி. ஆலையிலிருந்து வரும் வெள்ளைச் சீனியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சுக்ரோஸ் என்ற ஒரே பொருள்தான். அமிலமும் இல்லை, உப்பும் இல்லை, மணமும் இல்லை. பாலில் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் பால் அசையாது. டீக்கடையில் நாள் முழுக்க ஒரே ருசியைக் கொடுக்க வேண்டிய மாஸ்டருக்கு இதைவிட வசதியான சரக்கு கிடையாது. டம்ளரின் அடியில் போட்டு டிகாக்‌ஷனையும் பாலையும் ஊற்றி ஒரு ஆற்று ஆற்றினால் வேலை முடிந்தது. ‘வித்தவுட்’ கேட்பவருக்கு அந்த ஒரு கரண்டியை மட்டும் விட்டுவிடலாம்.

வெல்லத்தின் கதை வேறு. கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, மேலே திரளும் அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே, தண்ணீர் வற்றுமட்டும் காய்ச்சுகிறார்கள். சாற்றின் புளிப்பைக் குறைக்கவும் அழுக்கைத் திரட்டவும் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். சீனி ஆலையில் பரலை மட்டும் பிரித்து எடுத்துவிட்டுப் பாகை ஒதுக்கிவிடுகிறார்கள். வெல்லத்தில் அப்படிப் பிரிப்பது இல்லை. சாற்றில் இருந்ததெல்லாம் கட்டிக்குள் வந்துவிடுகிறது. சுக்ரோஸோடு, அது உடைந்து உண்டான குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், கரும்பின் அமிலங்கள், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் உப்புகள், கொஞ்சம் ஈரம், சில நேரம் கொஞ்சம் மண்ணும் உண்டு. காய்ச்சும்போது உண்டாகும் மணமும் நிறமும் இதோடு சேர்ந்தவை. நமக்குப் பிடித்துப்போன ருசி இந்தச் சேர்க்கையின் ருசிதான். பாலைத் திரிக்கிறதும் அதே சேர்க்கைதான்.

பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால், ஒரே முனையைக் காட்டிய காந்தங்கள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. புளிப்பு ஏற ஏற அந்த மின்னேற்றம் குறையும்; உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திரளும். நல்ல பாலின் பிஎச் 6.6 முதல் 6.7 வரை இருக்கும். ஆறிய பாலில் கேசீன் முழுதாகத் திரள வேண்டுமென்றால் பிஎச் 4.6 வரை இறங்க வேண்டும். கொதிக்கிற பாலில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சூடு ஏறினால் கொஞ்சம் புளிப்பே போதும். கால்சியம் கூடினாலும் திரிவது சுலபமாகிறது.

டீத்தூள் இறங்கிய தண்ணீரும் லேசான அமிலம்தான். பாலுக்கு அதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி உண்டு. அதன்மேல் வெல்லத்தின் அமிலமும் உப்பும் வந்து, அடுப்பும் கொதித்துக்கொண்டிருந்தால் அந்தத் தாங்கும் எல்லை தாண்டிப்போகிறது. காலையில் பிரித்த பால் பாக்கெட்டில் மிச்சம் வைத்து, மாலை டீக்கு எடுக்கிறோம் என்றால் அந்தப் பால் ஏற்கெனவே எல்லையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும்.

ஒரு கடை வெல்லத்தில் திரிகிற டீ இன்னொரு கடை வெல்லத்தில் திரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். காய்ச்சியவர் சுண்ணாம்பு எவ்வளவு போட்டார், கரும்பு வெட்டி எத்தனை நாள் கழித்து ஆட்டினார் என்பதைப் பொறுத்து வெல்லத்தின் புளிப்பு மாறும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். வெல்லத்தில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கட்டி கசியும், கசிந்த இடத்தில் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும். கார்த்திகையில் பிசுபிசுத்துப் போன வெல்லத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தால் அது டீக்கு ஆகாது. பாயசத்துக்கே யோசிக்க வேண்டும்.

திரியாமல் போடுவதற்கு வழி சுலபம். பாலும் வெல்லமும் அடுப்பின் மேல் சந்திக்கவே கூடாது. ஒன்றரை டம்ளர் தண்ணீரில் டீத்தூளைப் போட்டுக் கொதிக்க விட்டு, வெல்லத்தை அதிலேயே தட்டிப் போட்டுக் கரைய விடுங்கள். மண், சக்கை எதுவாக இருந்தாலும் வடிகட்டும்போது போய்விடும். பாலைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, பொங்கிய வேகம் அடங்கி ஆடை கட்டத் தொடங்கும் நேரம் வரை விடுங்கள். பிறகு வடிகட்டிய டிகாக்‌ஷனில் பாலைச் சேர்த்து ஆற்றிக் குடிக்கலாம். சேர்த்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். ஆறிப்போன வெல்ல டீயைச் சுட வைக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். நாலைந்து பேர் வெவ்வேறு நேரத்தில் டீ குடிக்கிற வீடென்றால், வெல்லத்தை முன்கூட்டியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்ளலாம். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். கரண்டியிலிருந்து தேன்போல ஒழுகினால் போதும். குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். டம்ளரில் பாகை ஊற்றி, மேலே சூடான டீயை ஊற்றிக் கலக்க வேண்டியதுதான்.

புது வெல்லம் வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை. ஒரு துண்டைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, அதில் இரண்டு கரண்டி கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றுங்கள். கிண்ணத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டினால் அந்த வெல்லத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சோடா புளிப்பை முறித்துவிடும். ஆனால் டீ கன்னங்கரேலென்று ஆகி, சப்பென்று ஒரு ருசியும் வரும். எனக்கு அது டீயாகவே தோன்றுவதில்லை.

இஞ்சி டீ பிடித்தவர்களுக்கு இரட்டை ஆபத்து. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. மிதமான சூட்டில் அது பாலை உறைய வைத்துவிடும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றி, உறைந்ததை இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள். அங்கே பலகாரம், இங்கே அபகாரம். இஞ்சியைத் தட்டித் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்க விட்டால் அந்த நொதி செத்துவிடும். பால் கொதிக்கும்போது பச்சை இஞ்சியை நசுக்கிப் போட்டு, கூடவே வெல்லத்தையும் போடுகிறவர்கள் திரியாமல் தப்பித்தால் அது அதிர்ஷ்டம்.

எந்த இனிப்பு எந்த டீக்கு என்பதில் அவரவர் நாக்குதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனாலும் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தினசரிப் பால் டீக்கு நாட்டுச் சர்க்கரைதான் பொருத்தம். பொடியாக இருப்பதால் டம்ளரிலேயே கரையும். மணமும் டீத்தூளை அமுக்காது. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி இதற்குப் பேர்போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச் சர்க்கரை அந்த ஊர்ச் சந்தையிலிருந்துதான் வாங்கப்படுகிறது. டம்ளரில் பொடியைப் போட்டு, கொதி அடங்கிய டீயை ஊற்றி ஆற்றினால் பெரும்பாலும் திரிவதில்லை.

கருப்பட்டி வேறு சாதி. பனையில் கலயத்தைக் கட்டும்போது, பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தப் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு இன்றும் தனி மரியாதை. கருகலும் புகையும் லேசான உவர்ப்பும் கலந்த அதன் ருசி, மென்மையான எதையும் மூடிவிடும். நல்ல நீலகிரி இலைத் தேயிலையை வாங்கி அதில் கருப்பட்டியைப் போட்டால் தேயிலைக்குக் கொடுத்த காசு வீண். கடுமையான டஸ்ட் டீயும் சுக்கும் மிளகும் ஏலக்காயும்தான் அதற்கு ஈடுகொடுக்கும். தென் மாவட்டத்து வீடுகளில் பழைய கருப்பட்டிக் காப்பி பெரும்பாலும் பால் சேராத கடுங்காப்பியாகவே இருந்தது. பால் திரிகிற தலைவலியும் அங்கே இல்லை.

வாங்குவதில்தான் வில்லங்கம். பதநீர் இறங்குவது ஆண்டில் சில மாதம்தான், பனையேற ஆளும் குறைந்துவிட்டது, கேட்பவர்களோ கூடிவிட்டார்கள். இடைவெளியைச் சீனி நிரப்புகிறது. சீனிப்பாகு கலந்து காய்ச்சிய கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. சீனி வேண்டாம் என்று கருப்பட்டிக்கு மாறியவர், இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து அதே சீனியைக் குடிக்கிறார். உடைத்த முகத்தில் சீனிப் பரல்போல மினுமினுப்புத் தெரிந்தாலோ, விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தாலோ யோசிக்கலாம். வெல்லத்தில் ஏமாற்று வேறு மாதிரி. பளிச்சென்ற வெளிர்மஞ்சள் நிறம் பெரும்பாலும் ‘ஹைட்ரோஸ்’ என்று சொல்லப்படும் வெளுப்பு மருந்தால் வருவது. கருத்துப் பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருக்கிற வெல்லத்தைத் தைரியமாக எடுங்கள்.

பனங்கற்கண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதநீர்ப் பாகை நாள்கணக்கில் அசையாமல் வைத்துப் பரலாக்கி எடுப்பதால் அமிலமும் உப்பும் அதில் குறைவு. பாலுக்கு அதிகம் தொந்தரவு தராது. ருசியும் அந்த அளவுக்குச் சாது. தொண்டைக்கு இதமான பால் என்றால் சரி. டீயில் போட்டால் அதன் விலைக்கேற்ற வித்தியாசம் தெரிவதில்லை.

தேனுக்கு வருவோம். தேனில் உள்ள சர்க்கரைகளில் ஃப்ரக்டோஸ்தான் அதிகம். இந்தச் சர்க்கரைக்கு ஒரு விசித்திரம் உண்டு. குளிர்ந்த நீரில் சீனியைவிடக் கூடுதலாக இனிக்கும். சூடு ஏற ஏற இனிப்பு குறைந்துகொண்டே வந்து, 60 டிகிரி செல்சியஸில் சீனியைவிடக் குறைவாகிவிடும். சூடான டீயில் தேன் ஊற்றியவர்கள் ‘இனிப்பே ஏறவில்லையே’ என்று இன்னொரு கரண்டி ஊற்றுவதும், டீ ஆறியதும் திகட்டுவதும் இதனால்தான். ஆறு பங்கில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர் வேறு. தேனைச் சுட வைக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் கட்டளை. நீண்ட நேரம் காய்ச்சினால் தேனின் நொதிகள் அழியும், சில வேதிப்பொருள்கள் கூடும் என்பதை நவீன ஆய்வும் சொல்கிறது. ஆனால் ஒரு கோப்பை டீயில் ஒரு கரண்டி விட்டால் அது விஷமாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. மணம் வேண்டுமென்றால் டீ குடிக்கிற பதத்துக்கு வந்த பிறகு ஊற்றலாம். தேன் நல்ல புளிப்புள்ள பொருள். ஆகவே பாலை விட்டுவிட்டு, எலுமிச்சை பிழிந்த கட்டன் டீயோடு அதைச் சேர்ப்பதே உத்தமம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவிலும் கூடாது.

இனி மாத்திரையும் சொட்டும். செயற்கை இனிப்புகளின் வரலாறு கை கழுவாதவர்களின் வரலாறு. 1879-ல் பால்டிமோரில் ஆராய்ச்சி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த ஃபால்பெர்க், கையிலிருந்த ரொட்டி இனித்ததைக் கண்டு சாக்கரினைக் கண்டுபிடித்தார். 1965-ல் அமெரிக்க வேதியியலாளர் ஷ்லாட்டர், காகிதம் எடுக்க விரலை நக்கியபோது அஸ்பார்ட்டேம் கிடைத்தது. 1976-ல் லண்டனில் சுக்ரலோஸ் இனிக்கும் என்று முதலில் ருசித்துச் சொன்ன சசிகாந்த் பட்னிஸ் இந்தியர்.

டீக்காரர்களுக்கு இதில் தெரிய வேண்டியது சூட்டைப் பற்றித்தான். அஸ்பார்ட்டேம் கொதிநிலையில் சிதையும். டீயோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் இனிப்பு போய்விடும். டம்ளரில் ஊற்றிய பிறகு போட வேண்டும். சுக்ரலோஸும் சீனித்துளசிச் சாறும் டீயின் சூட்டைத் தாங்கும். சீனித்துளசி என்கிற ஸ்டீவியா பராகுவே நாட்டுச் செடி. இலையிலிருந்து பிரித்தெடுத்த இனிப்பு, சீனியைப்போல 200 முதல் 300 மடங்கு இருக்கும். அதன் இனிப்பு மெதுவாக ஏறி, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். கடைசியில் அதிமதுரத்தைக் கடித்ததுபோல ஒரு கசப்பும் வரும். டீயிலேயே துவர்ப்பு இருப்பதால் இந்தக் கசப்பு காப்பியைவிட டீயில் கூடுதலாக முகம் காட்டும். சீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீதிக்கு ஸ்டீவியாவைப் போட்டால் அந்தக் கசப்பு மறைந்துகொள்கிறது. ஏலக்காயும் கொஞ்சம் உதவும். பொட்டலமாக வருவதை வாங்கினால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு சிட்டிகை ஸ்டீவியாவைத் தூக்கிச் சுமக்க அதில் வேறு ஏதோ மாவுச்சத்தோ சர்க்கரையோதான் நிரம்பியிருக்கும்.

அதிமதுரம் என்றதும், அதையே டீயில் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், இனிக்கும். ஆனால் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தை இறக்கும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது அந்தக் கணக்கு. டீக்கடையில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது:

“தம்பி, எனக்குச் சுகர் இருக்கு. சீனி போட்றாத, நாட்டுச் சர்க்கரை போடு.”

“எத்தன கரண்டிண்ணே?”

“அது நல்லதுதானப்பா, ரெண்டா போடு. கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்.”

மாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் அந்த அண்ணன் வீட்டில் குடிக்கிற சீனி டீயைவிட இந்த டீயில் சர்க்கரை அதிகம். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ எல்லாமே பெரும்பங்கு சர்க்கரைதான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி வெல்லம் என்று விற்க, ஈரம் நீக்கிய எடையில் மொத்தச் சர்க்கரை 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 10 கிராம் சீனியில் 40 கலோரி என்றால் அதே எடை வெல்லத்தில் சில கலோரிகள் குறையும். ஈரமும் உப்பும் இருப்பதால் இனிப்பும் சற்றுக் குறைவு. ஆகவே கை தானாக இன்னும் கொஞ்சம் அள்ளும். கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது.

இரும்புச்சத்து என்பார்கள். 10 கிராம் வெல்லத்தில் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு இருக்கும். வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு. அந்த ஒரு மில்லிகிராமும் டீயில் கரைந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. டீயின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புக்குள் போகவிடாமல் தடுக்கும். பாலின் கால்சியமும் அதற்கு ஒத்தாசை செய்யும். இரும்புக்காக வெல்லம் தின்ன வேண்டுமென்றால் எள்ளுருண்டையாகவோ கடலை மிட்டாயாகவோ தின்னலாம். டீயில் கரைப்பது அதற்கான வழியே இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்று 2024-ல் வந்த அதே நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்வதும் இந்த இரும்புக்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவுப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சராசரி ஆளுக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம் அளவில் வரும். தேனும் பாகும் இதில் அடக்கம். இயற்கை என்பதற்காகக் கழிவு கிடையாது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம். டீக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு டீ என்றால் 32 கிராம். சாப்பாடும் பிஸ்கட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை.

கலோரியில்லாத இனிப்புக்கு மாறினால் தீர்ந்ததா? முழுக்க இல்லை. எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நீண்டகாலப் பலன் தெரியவில்லை என்பது அதன் வாதம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நீரிழிவு உள்ளவர்களிடம் 12 வாரம் ஒரு சோதனை நடத்தி 2024-ல் வெளியிட்டார்கள். டீயிலும் காப்பியிலும் போடும் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. கெடுதலும் இல்லை, அதிசயமும் இல்லை. இந்த விவகாரத்தில் நிதானமான பதில் அதுதான் என்று எனக்குப் படுகிறது. நீரிழிவுக்காரர் டீயை விட முடியாமல் தவிக்கிறார் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவோடு போட்டுக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான மாற்று ஒன்று உண்டு: குறைத்துக்கொள்வது. இங்கிலாந்தில் லண்டன், லீட்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இனிப்பு டீ குடிக்கிற ஆண்களை ஒரு மாதம் கவனித்து 2019-ல் முடிவைச் சொன்னார்கள். சிலர் சீனியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சிலர் ஒரே நாளில் நிறுத்தினார்கள். இரு தரப்பிலும் டீயின் மேலிருந்த பிரியம் குறையவில்லை. பத்துக்கு நாலு பேர் அளவுக்குச் சீனியை அப்படியே விட்டும் விட்டார்கள். ஆராய்ச்சி சின்னதுதான், ஆனால் ‘வித்தவுட்’டுக்கு மாறிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். முதல் சில நாள் வாய் வாடும். பிறகு டீத்தூளின் ருசியும், பாலில் இயல்பாகவே உள்ள இனிப்பும் தெரிய ஆரம்பிக்கும். பால் 100 மில்லியில் 4, 5 கிராம் லாக்டோஸ் இருக்கத்தான் செய்கிறது.

இனிப்பும் வேண்டும், அளவும் குறைய வேண்டும் என்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். மலையகத் தோட்டங்களிலும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் பால் இல்லாத வெறுந்தேத்தண்ணிக்குச் சீனி போடாமல், கையில் ஒரு துண்டை வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்கும் வழக்கம் உண்டு. மலையகத்தில் அது கித்துள் பனையின் கருப்பட்டி. யாழ்ப்பாணத்தில் ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டி. ஒரு கடி, அது வாயில் கரையும்போது ஒரு மிடறு. கரைத்துக் குடித்தால் இரண்டு கரண்டி கேட்கிற நாக்கு, இனிப்பு நேராகப் படுவதால் சுண்டைக்காய் அளவுத் துண்டிலேயே ஒரு கோப்பையை முடித்துவிடும். டீ துவர்ப்பாகவே இருக்கும், கருப்பட்டியும் முழு ருசியோடு இருக்கும், திரிவதற்குப் பாலும் இல்லை. நல்ல தேயிலை கிடைக்கும்போது நான் இப்படித்தான் குடிக்கிறேன். கட்டி இறுகிப்போய்ப் பல்லுக்கு அகப்படாவிட்டால் பாக்குவெட்டியால் முன்கூட்டியே நறுக்கி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.